பாங்குக்குக் குறைத்த சத்தம்

முனாப்பைப் பற்றி எங்கள் சாய்ந்தமருதில் சொல்லப்படுபவற்றில் பாதி பிழை. அவர் இந்தியாவுக்குப் போய் நடித்தவர் என்கிறார்கள். அவர் கடவுச்சீட்டு எடுத்ததே போன வருடம்தான். படத்தில் பாடியவர் என்கிறார்கள். அவருக்குப் பாட வராது. கலியாண வீடுகளுக்கும் கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவர் என்பது இன்னும் மோசமான பிழை. அந்தத் தொழிலைச் செய்பவர் மசூர். அவருடைய கடை பிரதான வீதியில் எல்லோரும் காணும் இடத்தில்தான் இருக்கிறது.

முனாப் சினிமாவுக்கு ஒலி அமைப்பவர். திரையில் ஒரு பெண் கதவைத் திறந்தால் நமக்குக் கதவுச் சத்தம் கேட்கிறது. படம் பிடித்த நேரத்தில் பதிவான சத்தம் பெரும்பாலும் உதவாது. கமராக்காரரின் இருமல், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் அதில் இருக்கும். ஆகவே வேறொரு நாள் வேறொரு கதவைத் திறந்து பதிவு செய்து அந்த இடத்தில் பொருத்த வேண்டும். காற்று, காகம், செருப்பு, தேங்காய் துருவும் சத்தம் எல்லாமே அப்படித்தான். பார்ப்பவருக்கு இப்படி ஒருவர் வேலை செய்திருக்கிறார் என்ற நினைப்பே வரக்கூடாது. வந்தால் வேலை சரியில்லை. இப்படிப்பட்ட தொழிலைச் செய்பவர் ஊராரிடம் தன்னை எப்படி விளங்கப்படுத்துவது?

அவரை ஊர் முதலில் அறிந்தது நடிகராகத்தான். போர்நிறுத்தம் இருந்த 2003ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து ஒரு நெறியாளர் எங்கள் கடற்கரையில் படம் எடுக்க வந்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத தகப்பனைத் தேடும் பையனுக்கு ஆள் தேவைப்பட்டது. முனாப்பின் வாப்பா மீன்வாடியில் ஐஸ் உடைத்துக் கொடுப்பவர். அங்கே நின்ற பத்து வயது மகனை நெறியாளர் கண்டு பிடித்துக்கொண்டார். முனாப் வீட்டில் கதைப்பது போலவே கமராவுக்கு முன்னும் கதைத்தார். "வாப்பா எங்க இரிக்கார்?" என்று அவர் கேட்கும் இடத்தைப் படம் பிடித்தபோது நானும் கரையில் நின்றேன். வலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

படம் கொழும்பில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது தகப்பனும் மகனும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்கள். திரையில் முனாப்பின் வாய் அசைந்தது. வந்தது வேறு குரல். கிழக்குக்கு வெளியே இந்தப் பேச்சு விளங்காது, பகிடியாகவும் இருக்கும் என்று சொல்லி, வானொலி நாடகங்களில் சிறுவர்களுக்குக் குரல் கொடுக்கும் ஒரு பெண்மணியைக் கொண்டு பையனின் பேச்சு முழுவதையும் மாற்றியிருந்தார்கள். "அப்பா எங்கே இருக்கிறார்?" என்று அந்தப் பெண்மணி மிகவும் உருக்கமாகக் கேட்டார். இதை யாரும் முன்கூட்டிப் பையனுக்குச் சொல்லவில்லை.

"வாப்பா, வாய் என்ட. சத்தம் ஆரோட?" என்று அவர் கேட்டாராம்.

படமென்றால் அப்படித்தான், பேசாமல் பார் என்று வாப்பா சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு கல்முனையில் வீசீடி வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றுக்குப் படம் வந்தது. ஊர் முழுக்கப் பார்த்தது. முனாப்புக்குப் 'படக்காரன்' என்ற பெயரும் வந்தது. பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் படத்தில் வந்த பேச்சை மேடையில் பேசிக் காட்டச் சொன்னார்கள். அவர் தன்னுடைய குரலில், தன்னுடைய பேச்சில் பேசினார். கூட்டம் எதிர்பார்த்தது வானொலிப் பெண்மணியின் குரலை. முதலில் ஒரு சலசலப்பு, பிறகு சிரிப்பு. பின்வரிசையிலிருந்து ஒருவர், "டேய், இது டூப்ளிகேட்டு சாமான்டா" என்றார். மண்டபம் குலுங்கியது. முனாப் பேச்சை இடையில் நிறுத்தவில்லை, முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அடுத்த ஆண்டு சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது அந்த வீசீடிக் கடையும் போனது, படத்தின் பிரதிகளும் போயின. பெயர் மட்டும் போகவில்லை. அவர் மீண்டும் நடிக்கவுமில்லை. ஒருமுறை வேறொரு படத்துக்கு அழைத்தார்கள். குரல் யாருடையது என்று கேட்டார். அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றதும் மறுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது பதினைந்து.

உயர்தரப் படிப்பு முடித்ததும் கொழும்பில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வயர் சுற்றும் வேலையில் சேர்ந்து, அங்கேயே தொழிலைப் படித்தார். சிங்களப் படங்கள், தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்கள், பால்மா விளம்பரம் எல்லாம் செய்தார். ஒரு படத்தில் பெரிய மனிதர் ஒருவர் கோபத்தோடு படியேறிப் போவார். அந்தக் கோபம் முழுவதும் முனாப்பின் செருப்பு. ஆனால் ஒவ்வொரு படத்திலும் கடைசிக் கிழமையில் பின்னணி இசை வந்து சேரும். அது வந்ததும் அவர் பொறுக்கிச் சேர்த்த காற்றும் அலையும் அடியில் போய்விடும். கேட்டால், "இசை நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். பெருநாளுக்கு ஊருக்கு வந்தால் உம்மாவும் கேட்பார், படத்தில் நீ எங்கே வருகிறாய் என்று. வரவில்லை, சத்தம்தான் என்னுடையது என்றால், "ஆக்கள்ற சத்தமா?" என்பார். இல்லை, மற்றச் சத்தங்கள் என்றால் அவருக்கு முகம் வாடிவிடும்.

பெண் பார்த்தபோது நடந்ததும் இதுதான். தரகர் அவருடைய தொழிலை 'சவுண்ட்' என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் மசூரிடம் போய், உங்களோடு வேலை செய்கிற பையன் எப்படி என்று விசாரித்திருக்கிறார்கள். மசூர் நல்ல மனிதர். என்னோடு இல்லை, கொழும்பில் இதைவிடப் பெரிய செட் வைத்திருக்கிறான் போல என்று சொல்லி அனுப்பினார். கலியாணம் நடக்கவில்லை. மசூர் இன்றும் முனாப்பைக் கண்டால் தொழில்காரனோடு கதைப்பது போலத்தான் கதைப்பார். எந்தக் கம்பனி அம்ப்ளிஃபயர் நல்லது என்று கேட்பார்.

மூன்று வருடங்களுக்கு முன் தம்பிலுவிலைச் சேர்ந்த நிலாந்தினி என்ற பெண் நெறியாளர் முனாப்பைத் தேடி வந்தார். அது அவருடைய முதல் படம். கதை எங்கள் பக்கத்துக் கதை. இங்கே கலியாணத்தின்போது வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். படத்தில் வரும் கணவன் வியாபாரம் தொடங்குவதற்காக மனைவியின் வீட்டை விற்கப் பார்க்கிறான். அவள் படம் முழுக்கப் பொறுத்துக்கொண்டு, அந்தி சாயும் மஃரிப் தொழுகை நேரத்தில் பின்வாசலில் நின்று முடியாது என்று சொல்கிறாள். அந்த இடம்தான் படம்.

அவளாக நடித்தவர் நிந்தவூரில் தையல் கடை வைத்திருக்கும் ஸம்ஸியா. அதற்கு முன் நடித்தவரல்லர். அவர் எப்படிக் கதைப்பாரோ அப்படியே கதைக்க நிலாந்தினி விட்டிருந்தார். அந்தப் பதிவை முதன்முதலாகக் கேட்ட அன்று முனாப் எனக்குத் தொலைபேசி எடுத்தார். வழக்கமாகச் சுகம் விசாரித்துவிட்டு வைப்பவர், அன்று நெடுநேரம் கதைத்தார்.

சிக்கல் தயாரிப்பாளரிடமிருந்து வந்தது. அவர் கொழும்பில் பெரிய வியாபாரி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இந்தப் பேச்சு நாடகங்களில் பகிடிக்காக மட்டுமே வந்திருக்கிறது, சனங்கள் கேட்டால் சிரிப்பார்கள், ஆகவே குரலை மாற்ற வேண்டும் என்றார். குரல் கொடுக்க ஒருவரைப் பேசியும் வைத்திருந்தார். நிலாந்தினி அழாத குறையாக மறுத்தும் நடக்கவில்லை. கடைசியில் முனாப்தான் ஒரு வழி சொன்னார்: "எங்கட ஊரிலயே போட்டுக் காட்டுவம் சேர். அந்தப் பின்வாசல் இடத்தில ஆக்கள் சிரிச்சா, நீங்க குரலை மாத்துங்க. நான் வாயே திறக்க மாட்டன்." தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டார்.

அந்த ஓர் இடத்துக்காக முனாப் செய்த வேலையைக் கேட்டால் பைத்தியம் என்பார்கள். அவள் பேசுவதற்கு முன் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கு கேட்க வேண்டும். ஒலிக்கூடத்தில் கிடைக்கும் பாங்கு வேண்டாம் என்று, பள்ளிவாசல் நிர்வாகத்திடம் அனுமதி எடுத்து, உம்மாவின் வீட்டு மொட்டைமாடியில் நின்று எங்கள் பள்ளியின் பாங்கையே பதிவு செய்தார். இடையில் பின்னால் எடுக்கும் லொறியின் சத்தம், கூட்டுக்குத் திரும்பும் காகம், அடுத்த ஊர்ப் பள்ளியின் பாங்கு சற்றுப் பிந்திச் சேர்வது எல்லாவற்றையும் அப்படியே விட்டார். படத்தில் அவள் பாங்கைக் கேட்டதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பேசாமல் நிற்பாள். பாங்கு முடிந்த பிறகுதான் வாய் திறப்பாள். "இந்த வீடு என்ட உம்மா தந்தது. நீங்க வரக்குள்ளயும் இரிந்திச்சி. நீங்க போனாலும் இரிக்கும்."

ஊர் மண்டபத்தில் சவுண்ட் செட் மசூருடையது. ஊரில் வேறு யாரிடமும் இல்லை. முனாப் காலையிலேயே வந்து பெட்டிகளை இடம் மாற்றினார். இரண்டு பெட்டிகளைப் பின்பக்க ஜன்னலோரம், கறுப்புத் திரைச்சீலைக்குப் பின்னால் வைக்கச் செய்தார். பாங்கு திரையிலிருந்து வரக்கூடாது, வெளியிலிருந்து வருவது போல வர வேண்டும் என்பது அவருடைய கணக்கு. சத்தத்தின் அளவை அவரே சரிபார்த்து, மசூரிடம் ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னார், படம் முடியும்வரை எதையும் தொட வேண்டாம் என்று.

"நான் ஏன் மனே தொடுறன்? நீதானே பெரிய செட்காரன்" என்றார் மசூர்.

தயாரிப்பாளரின் வான் மகாஓயாவுக்கு அப்பால் பழுதாகி நின்றதால் எல்லாம் பிந்தியது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த பிறகே படம் தொடங்கியது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், மண்டபம் நிறைந்திருந்தது. ஸம்ஸியா வரவில்லை, தன்னைத் தானே பெரிதாகப் பார்க்க வெட்கம் என்று சொல்லிவிட்டார். தயாரிப்பாளரும் நிலாந்தினியும் முன்வரிசையில் இருந்தார்கள். முனாப் மண்டபத்தின் நட்டநடுவில், சத்தம் சரியாகச் சேரும் இடம் என்று அவரே பார்த்து வைத்த கதிரையில், ஒரு ஹாஜியாருக்கும் எனக்கும் இடையில் இருந்தார்.

சிரிப்பு தொடக்கத்திலேயே வந்தது. கணவன், "இஞ்ச கேளுகா" என்று அவளைக் கூப்பிட்டதும் பெண்கள் பக்கத்தில் சிரித்தார்கள். அவள், "சும்மா இரிங்க" என்றதும் ஆண்கள் பக்கத்திலும் சிரித்தார்கள். சந்தையில் எதிர்பாராமல் சொந்தக்காரரைக் கண்டால் வருமே, அந்த மாதிரிச் சிரிப்பு அது. ஆனால் முன்வரிசையில் இருப்பவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? ஒவ்வொரு சிரிப்புக்கும் தயாரிப்பாளர் திரும்பிப் பார்த்தார். முனாப் கைவிரல்களைப் பின்னிக்கொண்டு குனிந்திருந்தார். பரவாயில்லை, ஒப்புக்கொண்டது அந்த ஓர் இடத்துக்குத்தான் என்று என் காதில் சொன்னார்.

அந்த இடம் வந்தது. பின்வாசல், மங்கல் வெளிச்சம். ஜன்னல் பக்கமிருந்து பாங்கு எழுந்தது. எங்கள் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினாரின் குரல். லொறி, காகம், எல்லாம் இருந்தது. எனக்கே மஃரிப் ஆகிவிட்டது என்றுதான் பட்டது. ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தார். பெண்கள் பக்கத்தில் சேலை சரசரக்கும் சத்தம் ஒரே நேரத்தில் கேட்டது. எல்லோரும் தலையை மூடிக்கொண்டார்கள். திரையில் அவளும் மூடிக்கொண்டாள்.

அடுத்த கணம் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

மசூர் சவுண்டை முழுக்கக் குறைத்துவிட்டார். பாங்கு சொன்னால் ரேடியோவை, பாட்டை, கூட்டத்துப் பேச்சைக் குறைப்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த பழக்கம். மேசையில் இருந்தவரின் கை தானாகவே போயிருக்கிறது. குறைத்ததோடு பாங்கும் நின்றுபோனதைப் பாங்கு முடிந்ததாகவே எடுத்துக்கொண்டு, அவர் கண்ணை மூடிப் பாங்குக்குப் பிறகு ஓதும் பிரார்த்தனையான துஆவை ஓதிக்கொண்டிருந்தார்.

முனாப் எழுந்தார். ஹாஜியார் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரிடா மனே. பாங்கு நேரம்."

"அது பாங்கில்ல ஹாஜியார், படம்."

"பாங்குக்க நிண்டு கதைக்காத" என்றார் ஹாஜியார், கையை விடாமல்.

அந்த நேரத்தில் மண்டபத்தின் நடுவில் நின்று கத்துவதற்கு எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் வாய் வராது. முனாப்புக்கும் வரவில்லை. திரையில் ஸம்ஸியா நிமிர்ந்து பார்த்தார். உதடுகள் அசைந்தன. என்ன சொல்கிறார் என்பது அந்த மண்டபத்தில் முனாப்புக்கும் நிலாந்தினிக்கும் தயாரிப்பாளருக்கும் மட்டுமே தெரியும். ஆனால் தலையை மூடியிருந்த அத்தனை பெண்களும், தலையை மூடி நின்ற அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு வயதான பெண் கண்ணைத் துடைத்தார். மசூர் துஆவை முடித்துச் சத்தத்தைக் கூட்டியபோது கணவன் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய செருப்புச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

படம் முடிந்து வெளியே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது உண்மையான மஃரிப் பாங்கு சொன்னது. மசூர் கோப்பையைப் பிடித்தபடி பள்ளிவாசல் பக்கம் பார்த்தார், பிறகு முனாப்பைப் பார்த்தார். "அப்ப முதல் சொன்னது?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அன்றைய பெரிய சிரிப்பு அதுதான்.

தொழுகை முடிந்த பிறகு முனாப் அவரிடம் போய், எதையும் தொட வேண்டாம் என்றேனே என்று மட்டும் கேட்டார்.

"நீ தொட வேணாம் எண்டது படத்துக்குத்தானே மனே. பாங்குக்கா?" என்றார் மசூர். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.  

தயாரிப்பாளர் முனாப்பின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குரலை எடுத்துவிட்டது அபாரமான யோசனை என்றார். நடந்ததை முனாப் மறைக்காமல் சொன்னார். இது பிழையாகப் போன சோதனை, இன்னொரு முறை காட்ட வேண்டும் என்று கேட்டார். தயாரிப்பாளர் மறுத்துத் தலையாட்டினார். ஊர்ச்சனங்களுக்குக் கதை தெரிந்த பிறகு காட்டினால் அது சோதனையாகுமா என்றார். பிறகு சொன்னதுதான் கணக்கை முடித்தது. "நீங்களே பாருங்க முனாப். அந்தப் பிள்ளை கதைச்ச இடமெல்லாம் சிரிச்சாங்க. கதைக்காத இடத்தில அழுதாங்க."

முனாப் நிலாந்தினியைப் பார்த்தார். குரலுக்காகத் தன்னோடு சேர்ந்து நின்றவர் அவர் ஒருவர்தான்.

"எனக்கும் கோபம்தான்" என்றார் நிலாந்தினி. பிறகு, "ஆனா அந்த இடம் நல்லாத்தான் இருந்தது" என்றார்.

அப்படியே ஆனது. படம் முழுவதும் ஸம்ஸியாவுக்கு வேறு குரல் கொடுத்தார்கள். பின்வாசல் இடத்தில் மட்டும் ஒரு குரலும் இல்லை. பாங்கு மெதுவாகத் தேய்ந்து போகும், உதடுகள் அசையும். தன்னுடைய பெயரை எடுத்துவிடுமாறு முனாப் கேட்டார். விநியோகத்துக்கு எழுத்துகள் எல்லாம் தயாராகிவிட்டன என்றார்கள். படம் போன வருடம் வெளிநாட்டு விழா ஒன்றுக்குப் போய், ஒலி அமைப்புக்காகத் தனியாகப் பாராட்டும் பெற்றது. மௌனத்தைக் கையாண்ட விதம் என்று பத்திரிகைகளில் வந்தது. அதை வாங்கப் போகத்தான் முனாப் கடவுச்சீட்டு எடுத்தார். எடுத்தும் போகவில்லை. கல்முனையில் ஒரு சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. அறிமுகம் செய்தவர் 'சிறந்த பாடகர்' என்றார்.

முனாப் செய்ய விரும்பிய ஒரு காரியம் மிச்சம் இருந்தது. ஸம்ஸியா தன்னுடைய குரல் இல்லாத படத்தைப் பார்ப்பதற்கு முன், இருந்த குரலை அவரிடம் கேட்கக் கொடுக்க வேண்டும். மடிக்கணினியையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு நிந்தவூர்க் கடைக்குப் போனார். நடந்தது முழுவதையும் சொன்னார். ஸம்ஸியா தையலை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஹெட்போனை மாட்டினார். பாங்கின்போது முந்தானையை இழுத்துக்கொண்டார். பிறகு தன்னுடைய பேச்சு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கச் சிரித்தார். முனாப்பை அவர் மூத்த சகோதரனைப் போலக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"இதுவா காக்கா என்ட சத்தம்? ஆம்பிள மாதிரி இரிக்கி. நல்லவேள, எடுத்துப்போட்டாங்க."

முனாப் ஹெட்போனை வாங்கக் கையை நீட்டினார். வேறென்ன செய்வது? பத்து வயதில் தனக்கு நடந்ததை இவருக்கு நடக்கவிடக்கூடாது என்று இரண்டு வருடம் மல்லுக்கட்டியவர். இவருக்கோ அது ஒரு வேடிக்கை.

ஸம்ஸியா ஹெட்போனைக் கொடுக்கவில்லை. "இரிங்க காக்கா. இன்னொருக்காப் போடுங்க" என்றார்.

இரண்டாம் முறை அவர் சிரிக்கவில்லை என்று முனாப் என்னிடம் சொன்னார். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதுவது என் வழக்கமல்ல. ஆகவே சட்டை தைக்கக் கொடுக்கும் சாக்கில் நான் நிந்தவூருக்குப் போய் ஸம்ஸியாவிடமே கேட்டேன்.

"ரெண்டாந்தரமும் சிரிச்சன், சத்தமில்லாம" என்றார் அவர், நூலைப் பல்லால் கடித்தபடி. "அந்த மனிசன் என்ட முகத்தப் பாக்கல்ல."